வங்கிப் புத்தகமும் வெளிநாட்டுப் படிப்பும் – காணியை எழுதிக் கொடுக்குமுன்

காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு தகப்பனார் எம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் துணியால் சுற்றிய கடதாசிக் கட்டு. இரண்டு தடவை இடம்பெயர்ந்தபோதும், மழையிலும் பங்கருக்குள்ளும் நனையாமற் காத்து வந்த காணி உறுதிகள் அவை. ஒன்றொன்றாக மேசையில் விரித்து வைத்தார். மூன்று ஏக்கர் வயல், ஒரு மேட்டுக் காணி, ஒரு கிணற்றுப் பங்கு.

“மகனுக்கு இங்கிலாந்திலை படிக்க இடம் கிடைச்சிருக்கு. விசாவுக்குக் காசு காட்ட வேணுமாம். இவ்வளவு காணியும் காணாதோ, ஐயா?” என்று கேட்டார்.

காணி நிறையத்தான் இருந்தது. ஆனால் விசா அலுவலகம் கேட்பது காணியை அல்ல. இதை அவருக்கு ஏற்கெனவே வேறொருவர் சொல்லியிருந்தார். அவர் ஒரு முகவர். பதிலுக்கு அவரே ஒரு வழியும் காட்டியிருந்தார். 90 இலட்சம் ரூபாவை ஒரு மாதத்திற்கு மகனின் கணக்கில் போட்டுக் “காட்டித்” தருவார்களாம். அதற்கு இலட்சக் கணக்கில் கூலி. பிணையாக மூன்று ஏக்கர் வயலையும் அறுதி உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவல் முடிந்ததும் திருப்பி எழுதித் தருவார்களாம். நொத்தாரிசிடம் போகிற வழியிலேதான் அவர் எம்மிடம் ஏறி வந்திருந்தார்.

இப்படியான கேள்வியோடு வருகின்றவர்கள் அவர் ஒருவர் மட்டும் அல்லர். உயர்தரம் முடித்த பிள்ளையும், பட்டம் பெற்று வேலை கிடைக்காத பிள்ளையும் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசாத வீடு இன்று குறைவு. ஆகவே ‘போதிய பணம் உண்டு’ என்று நிரூபிப்பதென்றால் என்ன, அதிலே கமக்காரக் குடும்பங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எம்மவர் பெரிதும் நாடுகின்ற ஐக்கிய இராச்சியத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறோம். மற்ற நாடுகளைப் பின்னர் தொட்டுச் செல்வோம்.

எவ்வளவு பணம்?

கணக்கு இரண்டு பகுதி கொண்டது. ஒன்று கல்விக் கட்டணம். முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் செலுத்தப்படாமல் இருக்கும் மீதி முழுவதையும் காட்ட வேண்டும். பல்கலைக்கழகம் மாணவரை ஏற்றுக்கொண்டதற்கு வழங்கும் சீ.ஏ.எஸ். என்ற உறுதிப்பத்திரத்தில் மொத்தக் கட்டணமும், செலுத்திய முன்பணமும் எழுதப்பட்டிருக்கும். முன்பணம் அங்கே பதியப்பட்டிருந்தால் அது கழிக்கப்படும். வெறும் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது.

மற்றது வாழ்க்கைச் செலவு. இதை மாதக் கணக்கில், ஆகக் கூடியது 9 மாதங்களுக்குக் காட்ட வேண்டும். 2025 ஜனவரி 2 ஆம் திகதி முதல் இலண்டனில் படிப்பவர்களுக்கு மாதம் 1,483 ஸ்ரேலிங் பவுண், இலண்டனுக்கு வெளியே 1,136 பவுண் என்று இருந்தது. (பவுண் என்றதும் எமக்கு நகைதான் நினைவுக்கு வரும். இது அந்தப் பவுண் அல்ல.) அதே வருடம் நவம்பர் 11 ஆம் திகதி இத்தொகைகள் 1,529 ஆகவும் 1,171 ஆகவும் உயர்ந்தன. ஒரே வருடத்தில் இரண்டு மாற்றங்கள். ஆகவே அண்ணன் போன வருடம் காட்டிய தொகையை நம்பித் தம்பிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. விண்ணப்பிக்கும் மாதத்தில் பிரித்தானிய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் என்ன தொகை போடப்பட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.

ரூபாவிற் சொல்வோமானால், 2025 இல் ஒரு ஸ்ரேலிங் பவுண் 400 ரூபாவைச் சுற்றி நின்றது. இலண்டனுக்கு வெளியே 9 மாதச் செலவு 10,539 பவுண், அதாவது ஏறக்குறைய 42 இலட்சம். இலண்டனிலேயே படிப்பதானால் 13,761 பவுண், ஏறக்குறைய 55 இலட்சம். உதாரணத்திற்கு, கல்விக் கட்டணம் 16,000 பவுண் என்றும் அதில் 4,000 கட்டியாயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 12,000 பவுணுக்கு 48 இலட்சம். மொத்தம் 90 இலட்சம். அந்தத் தகப்பனாரிடம் முகவர் சொன்ன தொகை இப்படித்தான் வந்தது. தொகையிற் பிழை இல்லை. வழியிலேதான் பிழை.

இத்தோடு விசாக் கட்டணமும், வருடத்திற்கு 776 பவுண் வீதம் சுகாதாரச் சேவைக் கட்டணமும் (2024 பெப்ரவரியிலிருந்து உள்ள தொகை) விண்ணப்பத்தோடேயே கட்ட வேண்டும். விமானச் சீட்டு வேறு. இவை காட்டிவிட்டு வைத்திருக்கும் பணம் அல்ல, போய்விடும் பணம். 90 இலட்சத்துக்குள் இவை அடங்கமாட்டா.

இருபத்தெட்டு நாள்

பணம் இருந்தாற் போதாது, கிடக்கவும் வேண்டும். தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் அத்தொகை குறையாமல் இருக்க வேண்டும் என்பது பிரித்தானிய விதி. அந்த 28 நாட்கள் முடியும் திகதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும்.

ஜூன் முதலாந் திகதி கணக்கில் 90 இலட்சம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஜூன் 28 ஆம் திகதியோடு 28 நாள் நிறைவாகும். அன்றைக்கு வங்கிக் கூற்றை எடுத்து, அடுத்த 31 நாட்களுக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். நடுவிலே, ஜூன் 19 ஆம் திகதி உழவு இயந்திரம் பழுதாகி, ஐம்பதினாயிரம் எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போட்டாலும், கணக்கு முறிந்துவிடும். 21 ஆம் திகதியிலிருந்து புதிதாக 28 நாள் எண்ண வேண்டும். ‘ஒரு நாள்தானே’ என்பதற்கு அங்கே இடமில்லை. கமம் செய்கிற வீட்டில் வைகாசி, ஆனி மாதங்களிற் பணம் தேவைப்படாத நாள் எது? ஆகவே இந்தக் கணக்கை வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து வேறாக வைத்திருப்பது நல்லது.

ரூபாவில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதிகாரி பார்ப்பது பவுண் பெறுமதியை. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு பவுணுக்கு 270 ரூபா அளவிற் கொடுத்தோம். அந்த மாதம் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர விட்ட பின்னர், மே மாதமளவில் அது 440 ரூபாவைத் தாண்டிவிட்டது. பத்தாயிரம் பவுணுக்குப் போதும் என்று 27 இலட்சம் சேர்த்து வைத்த குடும்பத்திடம் ஒருசில வாரங்களில் ஏறக்குறைய ஆறாயிரம் பவுண்தான் இருந்தது. அதற்கு முந்திய வருடந்தான் இரசாயன உரத்தைத் தடை செய்து அந்தக் காலபோக விளைச்சலையும் குறைத்திருந்தார்கள். இரண்டு அடியும் விழுந்தது ஒரே முதுகில். அப்படியான காலம் நாளைக்கே வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. தேவையான தொகைக்குச் சரியாக மட்டும் வைக்காமல், சில இலட்சம் கூடுதலாக வைக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

யாருடைய பணம்?

எம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. கனடாவில் சித்தப்பா இருக்கிறார், சுவிசில் மாமி இருக்கிறார், அவர்களுடைய வங்கிக் கூற்றைக் காட்டினாற் போதும் என்று நம்பி இருக்கிறோம். எமது வழக்கத்தில் சித்தப்பாவும் தகப்பன்தான். பிரித்தானிய விதியில் அப்படி இல்லை. பணம் மாணவரின் கணக்கில் இருக்கலாம். பெற்றோரின் கணக்கில், அல்லது சட்டபூர்வ பாதுகாவலரின் கணக்கில் இருக்கலாம். திருமணமானவராயின் சில நிலைமைகளில் வாழ்க்கைத் துணையின் கணக்கையும் காட்டலாம். சித்தப்பா, மாமா, அண்ணன், அக்கா எவருடைய கணக்கும் ஏற்கப்படுவதில்லை, அவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும்.

அப்படியானால் சித்தப்பாவின் உதவி வீணா? இல்லை. அவர் அந்தப் பணத்தை வங்கி மூலம் தகப்பனின் அல்லது மாணவரின் கணக்குக்கு அனுப்பி, அது அங்கே 28 நாள் கிடந்தால், அது அவர்களுடைய பணம். இது அன்பளிப்பு என்று அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தால் பின்னர் கேள்வி எழும்போது கைகொடுக்கும். ஆனால் வங்கி மூலம் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். உண்டியலில் வருகிற பணத்துக்கு வரலாறு இல்லை. வீட்டுப் படலையில் ஒருவர் கொண்டுவந்து தந்துவிட்டுப் போன இருபது இலட்சத்தை வங்கியிற் போட்டுவிட்டு, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் காட்டுவதற்கு எம்மிடம் என்ன இருக்கிறது?

பெற்றோரின் கணக்கைக் காட்டும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்ற பெற்றோரின் கடிதமும் வேண்டும். சொல்வது இலகு. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தக் கட்டத்திலேயே மாதங்கள் கழிகின்றன. சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். அது கிடைத்த பின்னர்தான் பெயர்ப் பிரச்சினை தெரிய வரும். தகப்பனின் பெயர் கந்தையா. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அதை ‘ரி’, ‘எச்’ எழுத்துகளோடு எழுதியிருப்பார். வங்கிப் புத்தகத்தில் ‘டி’ எழுத்தோடு இருக்கும். அடையாள அட்டையில் முதலெழுத்து இரண்டு, வங்கியில் ஒன்று. எமக்கு ஒரே ஆள். ஊரைத் தெரியாத அதிகாரிக்கு இரண்டு ஆட்கள். ஆகவே விண்ணப்பத்துக்கு வெகு காலம் முன்னரே வங்கிப் பெயரை அடையாள அட்டைக்கு ஒத்ததாக மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்ச் சான்றிதழை மொழிபெயர்க்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டையும் காட்டி, அதிலுள்ள எழுத்துக் கூட்டலையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மாற்ற முடியாத இடங்களுக்கு இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

தகப்பன் இறந்த அல்லது காணாமற்போன வீடுகளில் தாயின் கணக்கு மட்டுமே போதும். இருவரையும் இழந்து பேரனாரோடும் மாமாவோடும் வளர்ந்த பிள்ளைகள்தான் தடுமாறுகிறார்கள். வளர்த்தவர் எல்லோரும் ‘சட்டபூர்வ பாதுகாவலர்’ ஆகிவிடுவதில்லை, அதற்கு ஆவணம் வேண்டும். அப்படியான பிள்ளைக்குத் தன் பெயரிலேயே கணக்குத் திறந்து, பணத்தை அதிலே சேர்ப்பதே நேரான வழி.

எந்த வங்கி?

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியும், சிக்கன கடனுதவு சங்கமும் எமது கமக்காரரின் சொந்த வங்கிகள். அவற்றை நாம் குறைத்துப் பேசமாட்டோம். முகாமிலிருந்து திரும்பி வந்து முதல் விதைப்புக்குக் கடன் தந்தவை அவைதான் என்று சொல்கிற குடும்பங்கள் பல. ஆயினும் விசா அலுவலுக்கு அவை உதவா. நாட்டின் உரிய கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இயங்காத, பதிவுகளைக் கணினியில் வைத்திராத, தொடர்புகொண்டு சரிபார்க்க முடியாத நிறுவனத்தில் உள்ள பணத்தைப் பிரித்தானிய விதிகள் கணக்கில் எடுப்பதில்லை. எனவே மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டும். கடைசி மாதத்தில் அல்ல. முன்கூட்டியே, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு.

நிலையான வைப்பு ஏற்கப்படும், ஆனால் தேவைப்படும்போது எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். முதிர்வுக்கு முன்னரும் மீளப் பெறலாம் என்று வங்கியிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வைப்பை ஈடாக வைத்து ஏற்கெனவே கடன் எடுத்திருந்தால் அது சுதந்திரமான பணம் அல்ல. பங்குகள், ஓய்வூதிய நிதி, மேலதிகப் பற்று, நகை, வாகனம், காணி ஒன்றும் கணக்கில் வரா. வங்கியின் கல்விக் கடன் ஏற்கப்படும். அது கல்விக் கடன் திட்டத்தின் கீழ், மாணவரின் பெயரிலே அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

காணி மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைப் பெரும் பணம் கொடுத்துத் தயாரித்து விண்ணப்பத்தோடு இணைப்பவர்கள் இருக்கிறார்கள். சில நாடுகளுக்கு அது குடும்ப நிலையைக் காட்டும் துணை ஆவணமாகலாம். பணத்துக்குப் பதிலாக எங்கும் நிற்காது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ளவை போன்ற குடியேற்றத் திட்டக் காணிகள் பல அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியின்றிக் கைமாற்றவே முடியாது. அப்படியான காணியை யாராவது ‘எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால், அவர் சட்டம் தெரியாதவர், அல்லது நீங்கள் தெரியாதவர் என்று நினைப்பவர்.

நெல் விற்ற காசின் தடம்

அரச உத்தியோகத்தரின் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. மாதாமாதம் சம்பளம் வங்கியில் விழுகிறது. அதுவே பணத்தின் வரலாறு. எமது வருமானம் வருடத்தில் இரண்டு தடவை வருகிறது. வியாபாரி லொறியோடு களத்துக்கே வந்து, மூடையை நிறுத்து, நோட்டை எண்ணித் தந்துவிட்டுப் போகிறார். பாதி கடைக் கடனுக்கு, மீதி அலுமாரிக்கு. பத்து வருடம் நேர்மையாக உழைத்துச் சேர்த்த பணம், ஒரே நாளில் வங்கிக்குப் போகும்போது திருட்டுப் பணம் போலத் தோற்றமளிக்கிறது. இது அநியாயந்தான். ஆனாலும் அதிகாரி முன்னால் இருப்பது தாள் மட்டுமே.

ஆகவே தாளை உண்டாக்க வேண்டும். உழைப்பு உண்மை என்பதால் இதிலே பொய் ஒன்றும் இல்லை. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ விற்றால் பற்றுச்சீட்டு கிடைக்கும். தனியார் வியாபாரியாயினும் மூடைக் கணக்கு, விலை, திகதி, கையொப்பம் வைத்து ஒரு துண்டு எழுதி வாங்கலாம். முதலில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். விற்ற பணத்தை அந்த வாரமே வங்கியிற் போட்டு, பிறகு செலவுக்கு எடுங்கள். இரண்டு மூன்று போகம் இப்படிச் செய்தால், மாசி பங்குனியிலும் ஆவணி புரட்டாதியிலும் பணம் ஏறுவதை வங்கிக் கூற்றே சொல்லும். கமநல சேவை நிலையத்தில் உங்கள் வயல் பதிவாகியிருப்பதற்கான ஆவணம் அதற்குத் துணை நிற்கும். மாட்டை விற்றாலும், வெங்காயம் விற்றாலும் இதே முறைதான். நகையை வங்கியில் அடகு வைத்துப் பணம் எடுத்தால் அடகுச் சீட்டின் பிரதியை எடுத்து வையுங்கள். சீட்டுக் காசு எடுத்தால் சீட்டுப் பிடிப்பவரிடம் ஒரு கடிதம்.

இது மூன்று மாத வேலை அல்ல. பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கும்போதே தகப்பன் தொடங்க வேண்டிய வேலை.

“காட்டித் தருகிறோம்”

இனி அந்த முகவரின் வழிக்கு வருவோம். கணக்கில் காசு காட்டித் தருவது இன்று ஒரு தொழில். பணம் மாணவரின் பெயரிற் போடப்படும். ஆனால் பணம் எடுக்கும் படிவங்களில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள், அல்லது வங்கி அட்டையைத் தாமே வைத்துக்கொள்வார்கள். விண்ணப்பம் போனதும் பணம் மறைந்துவிடும். இன்னும் மோசமான வகையும் உண்டு. பணமே போடாமல் வங்கிக் கூற்றையே அச்சடித்துத் தருவது.

விசா அதிகாரிகள் இதை அறியாதவர்கள் அல்லர். திடீரென்று ஒரே நாளில் விழுந்த பெருந்தொகை, அதற்கு முன் நாலாயிரம் ரூபாவோடு கிடந்த கணக்கு, இவை கண்ணிற் படும். வங்கியோடு தொடர்பு கொண்டு சரிபார்க்கிறார்கள். மாணவரை நேர்முகத்துக்கு அழைத்து, தகப்பனின் தொழில் என்ன, வருமானம் எவ்வளவு, இந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். பணம் உண்மையில் பயன்படுத்தக் கூடியது என்று திருப்தி ஏற்படாவிட்டால் 28 நாள் கிடந்த பணத்தையும் மறுக்க முடியும். ஏமாற்று என்று தீர்மானித்தால் ஐக்கிய இராச்சியம் 10 வருடங்களுக்குக் கதவை மூடலாம். கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை. அவுஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு 3 வருடம். தடை முகவருக்கு அல்ல, விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட பிள்ளைக்கு. பொய் ஆவணத்தால் விசா மறுக்கப்பட்டாற் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் தமது நிபந்தனைகளில் எழுதியும் வைத்திருக்கின்றன.

விசா கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பின்னர்தான் எமக்கு உண்மையான கவலை. காட்டிய 90 இலட்சம் போய்விட்டது. பிள்ளை குளிர் நாட்டில் இறங்குகிறது. இரண்டாந் தவணைக் கட்டணத்துக்குக் கடிதம் வருகிறது. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதில் வாடகையும் சாப்பாடும் போவதே பெரிய காரியம். கட்டணம் கட்டாவிட்டால் பல்கலைக்கழகம் நீக்கிவிடும், நீக்கினால் விசா ரத்தாகும். சட்டத்துக்கு மாறாகக் கூடுதல் நேரம் வேலை செய்தால் அதுவும் ரத்து. இங்கே ஊரிலே வயல் ஏற்கெனவே வேறொருவர் பெயரில். அறுதி உறுதி என்பது ஈடு அல்ல, விற்பனை. திருப்பி எழுதித் தருவேன் என்ற வாய்ச் சொல் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை எந்தச் சட்டத்தரணியிடமும் கேட்டுப் பாருங்கள்.

காட்ட வேண்டிய தொகை என்று எழுதப்பட்டிருப்பது, உண்மையில் அங்கே ஒரு மனிதர் உயிர் வாழச் செலவாகும் தொகை. அதைச் சடங்காக நினைப்பவர்களுக்குத்தான் அது சடங்கு.

‘மனைவி பிள்ளைகளோடு போகலாம்’ என்று சொல்லி முதுமாணிப் படிப்புக்கு ஆள் சேர்க்கிற முகவர்களும் இன்னும் இருக்கிறார்களாம். 2024 ஜனவரியிலிருந்து, ஆய்வுப் படிப்பு போன்ற சில வகைகள் தவிர, ஐக்கிய இராச்சியத்துக்குப் படிக்கப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாது.

மற்ற நாடுகள்

கனடா நெடுங்காலம் வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனேடிய டொலர் காட்டினாற் போதும் என்று வைத்திருந்தது. 2024 ஜனவரி முதலாந் திகதி அது 20,635 ஆகியது. 2025 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து தனியாள் ஒருவருக்கு 22,895 டொலர். கியூபெக் மாகாணத்துக்கு வேறு கணக்கு. முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். கடந்த நான்கு மாத வங்கிக் கூற்றைக் கேட்பார்கள். பணம் தருகிற உறவினரின் கடிதத்தையும் அங்கே பார்ப்பார்கள். இந்த விடயத்தில் கனடா பிரித்தானியாவை விட எமது குடும்ப வழக்கத்துக்குக் கிட்ட நிற்கிறது. ஆயினும் அந்த உறவினர் ஏன் தருகிறார், தரக் கூடியவரா என்பதை அதிகாரி நிறுத்துப் பார்ப்பார்.

ஜேர்மனியின் முறை வேறு. முடக்கப்பட்ட கணக்கு என்று ஒன்றைத் திறந்து, 2024 செப்டெம்பரிலிருந்து உள்ள விதிப்படி வருடத்துக்கு 11,904 யூரோவை அதிலே முன்கூட்டியே போட வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்த பின் மாதம் 992 யூரோ வீதம் மாணவருக்கே அது திரும்ப வரும். விசா மறுக்கப்பட்டாற் சேவைக் கட்டணம் போக மீதியைத் திருப்பிப் பெறலாம். கணக்கிற்குப் பதிலாக ஜேர்மனியில் வாழும் உறவினர் ஒருவர் அங்குள்ள அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் முடியும். அது வெறும் கடிதம் அல்ல. பிள்ளையின் செலவை அரசாங்கம் ஏற்க நேர்ந்தால் அவரிடமே அறவிடப்படும். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாமையால் மொத்தத் தொகை பிரித்தானியாவின் பாதிக்கும் குறைவு. மொழி படிக்க வேண்டும் என்பதே அதன் விலை. ஏமாற்றுக்கு இடம் குறைந்த முறை இதுதான் என்பது எமது எண்ணம். காட்டும் பணமும் செலவழிக்கும் பணமும் ஒன்றே.

அவுஸ்திரேலியா 2024 மே 10 ஆம் திகதி வாழ்க்கைச் செலவுத் தொகையை 29,710 அவுஸ்திரேலிய டொலராக உயர்த்தியது. அதற்கு மேற் கட்டணமும் பயணமும். விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையில் 2,000 டொலர் ஆகியது. மறுத்தால் அது திரும்பாது.

இத்தனையும் படித்து மலைத்துப் போகிறவர்கள் புலமைப்பரிசிலை மறந்துவிடக் கூடாது. முழுப் புலமைப்பரிசில் கடிதம் இருந்தால் வங்கிப் புத்தகத்துக்கு வேலையே இல்லை. பகுதிப் பரிசிலாயின் மீதியை மட்டும் காட்டினாற் போதும். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்கென்றே நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதலியவற்றை நடத்தி வருகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் முதுமாணிக்கும் கலாநிதிக்கும் உண்டு. விளம்பரம் ஆங்கிலத்தில் வருவதால் எமது ஊர்களுக்கு அது வந்து சேருமுன் முடிவுத் திகதி போய்விடுகிறது. பாடசாலை அதிபர்களும் ஆசிரியர்களும் இதைக் கவனித்துப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது. உள்ளூரில் அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளையை, இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு வயலை விற்று அனுப்ப நினைக்கும் பெற்றோரோடு நாம் பல தடவை வாதாடியிருக்கிறோம். முதற் பட்டத்தை இங்கே முடித்த பிள்ளைக்கு வெளிநாட்டுப் பரிசிலின் கதவு கூடுதலாகத் திறக்கும்.

முதலிற் சொன்ன தகப்பனார் நொத்தாரிசிடம் போகவில்லை. நாம் சொன்னவற்றை அவர் உடனே ஏற்றுக்கொண்டார் என்றும் இல்லை. “அப்ப பெடியன்ரை இடம் போயிடுமே” என்று இரண்டு தடவை கேட்டார். இடத்தை அடுத்த வருடத்துக்குப் பிற்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கும்படி மகனுக்குச் சொல்லச் சொன்னோம். கேட்பதற்குப் பணம் தேவையில்லை. உறுதிகளை ஒன்றொன்றாக மடித்து, துணியிற் சுற்றி, ஒரு பைக்குள்ளும் மறுபைக்குள்ளும் வைத்தார். அன்று பின்னேரம் நெல் வியாபாரி லொறியோடு வருவதாக இருந்ததாம். மூடைக் கணக்கை எழுதிக் கையொப்பம் வாங்க வீட்டிலே நல்ல கொப்பி ஒன்றும் இல்லை என்று சொல்லி, எம்மிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.